இரண்டை அழுத்தி நிற்போர்: வன்னி அழைப்பு நகர்வியல் பற்றிய முதனிலை ஆய்வு

வன்னியின் குளங்கள் ஆராயப்பட்டுவிட்டன. யானைகளும் ஆராயப்பட்டுவிட்டன. பண்டாரவன்னியன் எந்த ஆண்டில் இறந்தான் என்ற வழக்கு இன்னும் ஓயவில்லை. ஆனால் புதுக்குடியிருப்பில் ஒருவர் கைபேசியில் இரண்டை அழுத்தியபின் அவருடைய அழைப்பு எந்த வரிசையில் நிற்கிறது, எந்த வரிசைக்குத் தள்ளப்படுகிறது, கடைசியில் எங்கே உயிரை விடுகிறது என்பதை ஆராய எவரும் முன்வரவில்லை. கிளிநொச்சி அறிவியல்நகரில் ஒரு பொறியியல் பீடம் இருக்கிறது. வவுனியா வளாகமும் 2021 ஆகஸ்ட் 1 முதல் தனிப் பல்கலைக்கழகம் ஆகிவிட்டது. அப்படியிருந்தும் அழைப்பு நகர்வியலுக்கு ஒரு கதிரைகூட ஒதுக்கப்படவில்லை. அந்தக் குறையைப் போக்கவே இக்கட்டுரை.

ஆய்வுப் பிரதேசத்தை முதலில் வரையறுப்போம். மாவட்டங்கள் மூன்று, தொலைபேசிக் குறியீடுகள் இரண்டு. வவுனியாவுக்கு 024 என்று தனியாக ஒன்று உண்டு. கிளிநொச்சியும் முல்லைத்தீவும் யாழ்ப்பாணத்தோடு சேர்ந்து 021இல் ஒண்டிக் குடியிருக்கின்றன. இந்தப் புவியியலால் நம் ஆய்வுக்குப் பெரிய பயன் இல்லை. ஏனெனில் எந்தக் குறியீட்டிலிருந்து எடுத்தாலும் கோல் போய்ச் சேருமிடம் பெரும்பாலும் கொழும்பு. அங்கே ஒரு குரல் மூன்று மொழிகளையும் அறிமுகம் செய்கிறது. வழக்கமாகச் சிங்களத்துக்கு ஒன்று, தமிழுக்கு இரண்டு, ஆங்கிலத்துக்கு மூன்று. 1987இல் வந்த பதின்மூன்றாவது திருத்தம் தமிழும் அரசகரும மொழி என்றது. எத்தனையாவது என்று அதில் இல்லை. அதைக் கைபேசிப் பொத்தான்தான் தெளிவுபடுத்தியது.

இத்துறையின் முன்னோடிகள் இருவர். ஒருவர் அமெரிக்காவின் கான்சாஸ் நகரில் சவ அடக்கத் தொழில் செய்த அல்மன் ஸ்ட்ரோஜர். அவருக்கு வரவேண்டிய கோல்களை இணைப்பகத்துப் பெண் போட்டிக்காரருக்கு மாற்றிக் கொடுத்தார் என்றும், அந்தக் கோபத்தில்தான் அவர் ஆள் இல்லாமல் இயங்கும் தொலைபேசி இணைப்பகத்தைக் கண்டுபிடித்தார் என்றும் ஒரு கதை உலவுகிறது. கதை எப்படியோ, 1891இல் அவருக்குக் காப்புரிமை கிடைத்தது உண்மை. 'என்னுடைய கோலை எங்கே மாத்தினீர்கள்?' என்ற கேள்வி தொலைபேசியின் குழந்தைப் பருவத்திலேயே பிறந்துவிட்டது என்பதற்கு இது சான்று. மற்றவர் கோப்பன்ஹேகன் தொலைபேசிக் கம்பனியில் வேலை பார்த்த டென்மார்க் கணிதர் எர்லாங். எத்தனை கோல் வந்தால் எத்தனை லைன் வேண்டும் என்பதை 1909 முதல் கணக்காக எழுதியவர். அவருடைய சூத்திரங்களில் ஒன்றான 'எர்லாங் சி' இன்றும் அழைப்பு நிலையங்களில் ஆள் எண்ணிக்கையை முடிவு செய்யப் பயன்படுகிறது. அதன் அடியில் ஓர் அனுமானம் கிடக்கிறது: வரிசையில் நிற்பவர் எவ்வளவு நேரமானாலும் போனை வைக்கமாட்டார்.

மேல்நாட்டு அறிஞர்கள் இதை நடைமுறைக்கு ஒவ்வாத அனுமானம் என்று குறை சொல்கிறார்கள். அவர்கள் வன்னிக்கு வந்ததில்லை. நிவாரண அரிசிக்கு வரிசை, மண்ணெண்ணெய்க்கு வரிசை, வவுனியாவில் தங்கப் 'பாஸ்' எடுக்க வரிசை, ஓமந்தையில் சோதனைக்கு வரிசை, 2022இல் பெற்றோலுக்கு வரிசை என்று நின்று பழகிய ஒரு சனத்திடம் 'தொடர்பிலேயே இருங்கள்' என்று சொன்னால் அது இருக்கும். எர்லாங் தம் சூத்திரத்தை எழுதியது டென்மார்க்கில் என்றாலும், அது அச்சொட்டாகப் பொருந்துவது நெடுங்கேணிக்குத்தான்.

இனி அழைப்பு நிலையங்கள் தயாரிக்கும் அறிக்கைக்கு வருவோம். அழைப்பு நிலையத்தின் வேதவாக்கு 80/20: நூறு கோல் வந்தால் எண்பதையாவது இருபது விநாடிக்குள் எடுக்கவேண்டும். இது வரிசைக்கு வரிசை தனித்தனியாகக் கணக்கிடப்படுகிறது. உதாரணத்துக்கு ஓர் அம்மாவை எடுத்துக்கொள்வோம். வீட்டுத் தொலைபேசி நாலு நாளாக வேலை செய்யவில்லை, பில் மட்டும் வந்துவிட்டது. மகனின் கைபேசியில் எடுக்கிறார். பொத்தான் அறிவித்தல்களைக் கேட்டு முடிக்க ஒரு நிமிடம். தமிழ் வரிசையில் 15 விநாடி நிற்கிறார். ஒரு பிள்ளை எடுத்து இரண்டு நிமிடம் கதைத்து, "அம்மா, லைன்ல நில்லுங்கோ, பில் பகுதிக்குக் குடுக்கிறன்" என்கிறது. அங்கே 18 விநாடி காத்திருப்பு, ஒரு நிமிடக் கதை. பில்லில் பிழையில்லை, லைனில்தான் பிழை என்று திருத்தப் பகுதிக்கு அனுப்புகிறார்கள். அங்கே நாலு நிமிடம் புல்லாங்குழல் இசை. பிறகு எடுத்தவர் ஒரு நிமிடம் சிங்களத்தில் கதைத்து, அம்மாவின் சிங்களத்தை அளந்து பார்த்து, தமிழ் வரிசைக்கே திருப்பிவிடுகிறார். 12 விநாடியில் வேறொரு பிள்ளை எடுக்கிறது. "வணக்கம், உங்கள் பெயரைச் சொல்லமுடியுமா?" என்று தொடங்கி இரண்டு நிமிடம் கதைத்து, நாளைக்கு எடுக்கச் சொல்கிறது.

அம்மாவின் கணக்கில் இது ஒரு கோல்: பதினொன்றே முக்கால் நிமிடம். அறிக்கையின் கணக்கில் நாலு கோல். நாலும் 'பதிலளிக்கப்பட்டவை'. தமிழ் வரிசைக்கு இரண்டு கோல், இரண்டும் இருபது விநாடிக்குள், ஆகவே நூற்றுக்கு நூறு. பில் பகுதிக்கும் நூற்றுக்கு நூறு. திருத்தப் பகுதி மட்டும் சறுக்கியிருக்கிறது. அதற்கும் 'எங்களுடையதல்லாத கோல்கள் எங்களிடம் வருகின்றன' என்ற விளக்கம் தயாராக இருக்கும். ஒவ்வொரு மாற்றத்தோடும் மணிக்கூடு பூச்சியத்துக்குத் திரும்பிவிடுவதால் அம்மா நின்ற மொத்த நேரம் எந்தப் பத்தியிலும் விழவில்லை. வேலை செய்யாத தொலைபேசிக்கும் அந்த அறிக்கையில் இடமில்லை. இரணைமடுவில் துருசு திறந்த அளவை எழுதிவைத்துவிட்டு, வாய்க்கால் முடிவிலுள்ள வயலுக்குத் தண்ணீர் போனதாகச் சாதிப்பதும் இந்த வகைக் கணக்குத்தான். என்ன, அங்கே விவசாயி நேரே வந்து சண்டை பிடிப்பான்.

அம்மா நின்ற மொத்த நேரத்தைக் கூட்டிக் காட்டுவது கணினியால் முடியாத காரியம் என்று எண்ணிவிடக்கூடாது. உலகெங்கும் இலவசமாகக் கிடைக்கும் 'அஸ்டரிஸ்க்' என்ற தொலைபேசி மென்பொருளையே பாருங்கள். கோல் வரிசைக்குள் வந்தது, எடுக்கப்பட்டது, மாற்றப்பட்டது, இடையில் கைவிடப்பட்டது என்று ஒவ்வொன்றையும் நேரத்தோடு ஒரு பதிவேட்டில் அது எழுதிவைக்கிறது. கோலின் ஒவ்வொரு காலுக்கும் தனி இலக்கம் உண்டு. அந்தக் கால்களையெல்லாம் ஒன்றாகக் கட்டிவைக்க 'லிங்க்ட் ஐடி' என்று பொது இலக்கமும் உண்டு. அந்த இலக்கத்தைப் பிடித்து இழுத்தால் அம்மாவின் பதினொன்றே முக்கால் நிமிடமும் ஒரே கோவையாக வெளியே வரும். இழுப்பதற்கு ஒருவர் வேண்டும். வந்ததைப் பார்த்துவிட்டு, 'எங்கள் நூற்றுக்கு நூறு எங்கே போனது?' என்று மேலிடம் கேட்டால் சமாளிக்கவும் ஒருவர் வேண்டும்.

1990 சுவசெரிய அம்புலன்ஸ் சேவையை இங்கே தனியாகச் சொல்லவேண்டும். 2018 ஜூலையில் வடக்குக்கு வந்த இச்சேவைக்கு முல்லைத்தீவிலிருந்து எடுத்தாலும் கோல் கொழும்புக்கருகே இராஜகிரியவுக்குப் போய், அங்கிருந்துதான் உத்தரவு வன்னியில் நிற்கும் வாகனத்துக்குத் திரும்புகிறது. தூரம் அதிகம்தான். ஆனாலும் மூச்சுத் திணறுபவருக்கு வாகனம் வந்ததா இல்லையா என்பதே அங்கே கேள்வி என்பதால் ஒரு கோல் நாலாகப் பெருக வழியில்லை. சாதாரண முறைப்பாட்டில் ஒருவரும் சாவதில்லை என்பதே அதன் துரதிர்ஷ்டம்.

இவ்வாய்வின் முக்கியக் கண்டுபிடிப்பு, பூரணமான கண்காணிப்பு முறை ஒன்று வன்னியின் வாசலிலேயே இயங்கி அழிந்துபோயிற்று என்பதாகும். அது வவுனியாவின் 'கொமினிகேசன்' கடை. பற்றரியே தடைப்பொருளாக இருந்த போர் நாட்களில் வன்னிக்குள் பெரும்பகுதிக்குப் போன் கிடையாது. கனடாவிலிருந்தோ சுவிஸிலிருந்தோ மகன் கடைக்கு எடுப்பார். முதலாளி பெயரைக் கேட்டு வைத்துக்கொண்டு, "அரை மணித்தியாலத்தால திருப்பி எடுங்கோ" என்பார். சைக்கிளில் ஒரு பெடியன் பறப்பான். பாஸ் எடுத்து வந்து உறவினர் வீட்டில் தங்கியிருக்கும் தாயார் வந்து வாங்கில் குந்துவார். அடுத்த கோல் பிந்தினால் முதலாளியும் பெடியனும் வாங்கில் இருப்போரும் சேர்ந்து கவலைப்படுவார்கள். எல்லாம் ஒரு கொப்பியில் ஒரே வரியாக இருக்கும்: யாருக்கு, எந்த நாட்டிலிருந்து, எத்தனை மணிக்கு, எத்தனை நிமிடம், எவ்வளவு காசு. கோல் இடையில் அறுந்தால் அதே வரியில்தான் தொடரும். புதுவரி போட்டால் காசுக் கணக்குப் பிழைக்கும். கொப்பி ஆளைப் பின்தொடர்ந்தது. கணினி அறிக்கை வரிசையைப் பின்தொடர்கிறது. வரிசைக்குச் சம்பளமும் வருடாந்த மதிப்பீடும் உண்டு, ஆளுக்கு அவை இல்லை என்பதைத் தவிர இதற்கு வேறு காரணம் எனக்குத் தோன்றவில்லை.

அழைப்பு நிலையங்களுக்கு இவ்வாய்வு ஒரேயொரு பரிந்துரையை முன்வைக்கிறது. அறிக்கையில் இருக்கும் பத்திகளை அப்படியே விட்டுவிட்டு, 'ஒரே கோலில் பெயர் கேட்கப்பட்ட தடவைகள்' என்று இன்னொன்றைச் சேருங்கள். அந்த எண் ஒன்றைத் தாண்டும் ஒவ்வொரு கோலையும் மேலாளர் தாமே திருப்பி எடுக்கட்டும், தமிழில். அது நடக்கும்வரை வாசகர்களுக்கு ஒரு வேண்டுகோள்: இரண்டை அழுத்தமுன் கைபேசிக்குச் சார்ஜ் இருக்கிறதா என்று பாருங்கள். பக்கத்தில் ஒரு கொப்பியும் பேனையும் வைத்துக்கொண்டு, எத்தனை மணிக்கு எடுத்தீர்கள், யார் கதைத்தார், யாரிடம் மாற்றிவிட்டார் என்பதை எழுதி, முறைப்பாட்டு இலக்கத்தை மறக்காமல் கேட்டு வாங்குங்கள். ஒரே வரியில் எழுதுங்கள்.