வரட்டும் பாப்போம்

நரிக்குடியில் சாயங்காலம் பத்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு ஆங்கிலம் சொல்லிக்கொடுக்கிறேன். டியூஷன் ஃபீஸ் உண்டு. எப்போது வரும் என்பது தனிப் பாடம்.

பிள்ளைகளைப் படுத்தியெடுப்பது இந்த ஃப்ரேசல் வெர்ப். 'புட்' தெரியும், வை. 'ஆஃப்' தெரியும், சுவிட்சில் இருக்கிறது. இரண்டையும் ஒட்டினால் 'தள்ளிப்போடு' எப்படி வரும் என்று சண்டைக்கு வந்தார்கள். "தள்ளு தெரியும், போடு தெரியும். கல்யாணத்தைத் தள்ளிப்போட்டா அது எங்கடா போயி விழுது?" என்றேன். அடங்கிவிட்டார்கள்.

பரீட்சையில் ஒரு மார்க்தான். ஆனால் 'புட் ஆஃப்' என்பதற்குச் சொந்தபந்தம் ஏராளம்: போஸ்ட்போன், அட்ஜர்ன், டிஃபர், ஸ்டால், ஷெல்வ். எல்லாவற்றுக்கும் 'தள்ளிப்போடு' என்றே போட்டிருக்கிறது கைடு. அதை எழுதியவர் யாருக்கும் கடன் கொடுத்துவிட்டுத் திரும்பக் கேட்டுப் போனதில்லை போலிருக்கிறது.

தள்ளிப்போடுகிறவர் யார் என்று பார்த்தால் சொல் தானாகப் பிடிபடும். தேதி குறிக்கும் அதிகாரம் உள்ளவர் செய்தால் போஸ்ட்போன், நம் பேப்பர்காரர்களின் 'ஒத்திவைப்பு'. உட்கார்ந்து ஆரம்பித்துவிட்டுப் பாதியில் எழுந்தால் அட்ஜர்ன். கோர்ட்டுப் படி ஏறியவர்களுக்கு அது வாய்தா, விளக்கம் தேவையில்லை. நடக்கவிட்டே ஆளைக் களைக்க வைப்பது ஸ்டால், அதாவது இழுத்தடிப்பு. இதில் டெய்லர்களை அடித்துக்கொள்ள ஆளில்லை. "பட்டன் மட்டுந்தாண்ணே பாக்கி" என்று அவர் சொல்கிறபோது துணியில் கத்திரியே பட்டிருக்காது.

பணத்துக்கு டிஃபர். எங்கள் பக்கம் தவணைக்குக் காலண்டர் கிடையாது. மானாவாரிக் காட்டை வைத்துக்கொண்டு யார் தேதி சொல்வது? "கரிமூட்டம் பிரிச்சதும் தாரேன்" என்றால் நம்பலாம். சீமைக்கருவேலை வெட்டி அடுக்கி, மண்பூசி, மூட்டம் புகைந்துகொண்டிருக்கும். கடன் கொடுத்தவர் சைக்கிளை நிறுத்திப் புகையைப் பார்த்துவிட்டுப் போவார். "மிளகா எடுத்ததும்" என்றால் கொஞ்சம் நீளம். மழை வேண்டும், செடி நிற்க வேண்டும், விலையும் படுக்காமல் இருக்க வேண்டும். "கண்மாய் பெருகட்டும்" என்று சொல்லிவிட்டால் அது ஷெல்வ், பரணில் ஏற்றியாயிற்று. அதற்கு மேல் கேட்பது மரியாதை இல்லை.

ஏனென்றால் கண்மாய் பெருக வானம் மனசு வைக்க வேண்டும், இல்லாவிட்டால் வைகைத் தண்ணீர் கிருதுமால் நதி வழியாக எங்கள் ஊர்வரைக்கும் வந்து சேர வேண்டும். குண்டாற்றுக்குக் காவிரியையே கொண்டுவர 2021 பிப்ரவரியில் அடிக்கல் நாட்டினார்கள். 262 கிலோமீட்டர் கால்வாய், 14,400 கோடி ரூபாய்த் திட்டம். 'காவிரி வந்ததும் தாரேன்' என்று கடன் வாங்கியவர் ஒருவர் சொன்னால் அதற்கு ஆங்கிலத்தில் என்ன வினைச்சொல் என்று தேடிக்கொண்டிருக்கிறேன்.

'ஆகட்டும் பார்க்கலாம்' எங்கள் மாவட்டத்துச் சொத்து. விருதுநகர்க்காரரான காமராசர் அதைச் சொன்னால் காரியம் பாதி முடிந்த மாதிரி என்பார்கள். அதையே என் மச்சினன் சொன்னால் போனை வைக்கப்போகிறான் என்று அர்த்தம்.

தள்ளிப்போடவே தெரியாத ஒருவரும் இந்தச் சீமையில் பிறந்தார். பக்கத்துத் திருச்சுழியில் 1879இல் பிறந்த வெங்கடராமன், பின்னாளில் ரமண மகரிஷி. 1896 ஆகஸ்டில், பதினாறு வயதில், போக வேண்டும் என்று தோன்றிய அன்றைக்கே மதுரையிலிருந்து திருவண்ணாமலைக்குக் கிளம்பிவிட்டார். அண்ணன் தன் காலேஜ் சம்பளம் கட்டச் சொன்ன ஐந்து ரூபாயில் மூன்றை எடுத்துக்கொண்டு, பாக்கி இரண்டை ஒரு சீட்டோடு வைத்தார். சம்பளம் இன்னும் கட்டவில்லை என்பதையும் அதில் மறக்காமல் எழுதிவிட்டுத்தான் போனார். சந்நியாசத்தைக்கூட ஒருநாள் தள்ளிப்போடாதவர் அன்றைக்குத் தள்ளிப்போட்டது ஃபீஸ் ஒன்றைத்தான்.

இதை வகுப்பில் சொன்னேன். பின்வரிசையிலிருந்து ஒருவன் எழுந்தான்.

"சார், அப்ப எங்கப்பா மட்டும்..."

"அவரு ரெண்டு ரூவாயாச்சும் வச்சிட்டுப் போனாருடா. உங்கப்பா மிளகா எடுத்ததும் தாரேன்னாரு. எடுத்தாச்சா இல்லையா?"

"எடுத்தாச்சு சார். காயுது."