மெலிந்த பர்ஸும் மார்கழி வாரமும்

கேள்வி: விடுமுறையில் ஒரு வாரம் சென்னை வருகிறேன். கச்சேரி, சாப்பாடு, ஊர்சுற்றல், நாட்டு நடப்பு எல்லாம் வேண்டும், காசுதான் இல்லை. வழி?
– ஒரு கல்லூரி மாணவர், திருநெல்வேலி

பதில்: சபாக்களில் மத்தியானக் கச்சேரிக்குப் பெரும்பாலும் டிக்கெட் கிடையாது. பாடுபவருக்கும் உங்கள் வயதுதான் இருக்கும். கைதட்ட ஆளில்லாமல் தவிப்பார். முன்வரிசையிலேயே உட்காருங்கள். கேன்டீன் பக்கம் மட்டும் ஜாக்கிரதை: ராகம்தான் இலவசம், ரவா தோசை அல்ல! சேப்பாக்கத்தில் பறக்கும் ரயில் ஏறினால் சில்லறைக் காசில் மயிலாப்பூர். கீழே பக்கிங்காம் கால்வாய். மூக்கைப் பொத்திக்கொண்டால் வெனிஸ். நாட்டு நடப்புக்கு, 1896-ல் திறந்த எழும்பூர் கன்னிமாரா நூலகம். பேப்பர் புரட்டக் காசு கேட்க மாட்டார்கள். பக்கத்திலேயே அருங்காட்சியகம், சோழர் காலத்து நடராஜர். வெள்ளிக்கிழமை போய்விடாதீர்கள், அன்று அருங்காட்சியகத்துக்கு விடுமுறை.