சுமந்தவன் வெல்வான்

சைக்கிள் என்பது ஏறிப் போவதற்கே என்ற மூடநம்பிக்கையை ஒழித்த பெருமை பெல்ஜியத்தின் சைக்ளோகிராஸ் பந்தயங்களையே சேரும். டயரின் அகலம் 33 மில்லிமீட்டரைத் தாண்டக்கூடாது என்பது சர்வதேச விதி. சேற்றில் புதைய அது தாராளம். குறுக்கே 40 சென்டிமீட்டர் உயரம்வரை பலகைகள். கோக்ஸைடே என்ற ஊரின் பந்தயத்தில் மணல்மேடுகள் வேறு. பெரும்பாலோர் இறங்கி, வண்டியைத் தோளில் மாட்டிக்கொண்டு ஓடுகிறார்கள். ஆகவே பயிற்சியில் முதல் பாடம் மிதிப்பதல்ல, சுமப்பது. ஓடுவதென்றால் சைக்கிள் எதற்கு என்று சிலர் கேட்கலாம். அது இல்லாவிட்டால் எதைச் சுமப்பதாம்? காசைக் கொட்டிக் கார்பன் வண்டி வாங்குவதே தோள் நோகாமலிருக்கத்தானே! ஒரு வண்டி சேறாகும்போது, இன்னொன்றைக் குளிப்பாட்டித் தயாராக வைக்க ஓர் உதவியாளர் உண்டு. பந்தயம் முடிந்ததும் இரண்டும் குளித்து, துடைத்து, காரின் கூரையேறி வீடு திரும்புகின்றன. அன்று முழுக்கச் சவாரி செய்த களைப்பு அவற்றுக்கு இருக்காதா?