வாரத்தில் ஒரே நாள்

கேள்வி: அம்மாவுக்குக் கடுமையான முடக்குவாதம். டாக்டர் மெத்தோட்ரெக்சேட் எழுதிக் கொடுத்தார். கூகுளில் தேடினால் புற்றுநோய் மருந்து என்று வருகிறது. அம்மா தொடவே மாட்டேன் என்கிறார்.
– ஒரு மகள், தஞ்சாவூர்

பதில்: கூகுள் பெயரைச் சொன்னது, அளவைச் சொல்லவில்லை. சில புற்றுநோய்களுக்கு இதைக் கிராம் கணக்கில் நரம்பில் ஏற்றுவார்கள். முடக்குவாதத்துக்கு வாரத்துக்கு 7.5 முதல் 25 மில்லிகிராம் வரைதான். இந்தச் சிறிய அளவில், சொந்த மூட்டையே தாக்கும் எதிர்ப்புச் சக்தியை அது தணிக்கிறது. அம்மாவிடம் இன்னொன்றும் சொல்லுங்கள். இந்த மருந்துக் குடும்பத்தை அமெரிக்காவின் லெடர்லே ஆய்வுக்கூடத்தில் உருவாக்கிய குழுவுக்குத் தலைமை தாங்கிய எல்லாப்பிரகட சுப்பாராவ், நம் சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்தவர். 1948-ல் அவர் மறைந்தார். 1988-ல் அமெரிக்க அரசு இதை முடக்குவாதத்துக்கு அங்கீகரித்தது. இன்று பெரும்பாலான நோயாளிகளுக்கு முதலில் எழுதப்படுவது இதுதான். பெயருக்குப் பயப்பட வேண்டாம். நாள் தப்புவதற்குப் பயப்படுங்கள்.

கேள்வி: வாரம் ஒரு தடவை 15 மி.கி. போடுகிறேன். அதையே பிரித்துத் தினமும் கொஞ்சம் போட்டால் வலி சீக்கிரம் அடங்காதா?
– வாசகர், ஈரோடு

பதில்: கூடவே கூடாது. புது செல்கள் உருவாக ஃபோலேட் என்ற வைட்டமின் வேண்டும். அதன் வழியை மறிக்கிற மருந்து இது. வாரத்துக்கு ஒரு நாள் என்றால் எலும்பு மஜ்ஜைக்கும் வாய், குடல் உட்சவ்வுக்கும் தேறிக்கொள்ள அவகாசம் கிடைக்கும். தினமும் விழுங்கினால் அந்த அவகாசம் போய்விடும். ரத்த அணுக்கள் சரிந்து உயிரே போன சம்பவங்கள் பல நாடுகளில் பதிவாகியுள்ளன. அவர்களில் பலர் சீட்டைத் தப்பாகப் புரிந்துகொண்டவர்கள்தான்.

மருந்துக்கடையில் தரும் காகித உறையைப் பாருங்கள். எல்லா மாத்திரைக்கும் எழுதுவதுபோல் ‘0-0-1’ என்று எழுதியிருந்தால் வாங்கிக்கொண்டு வந்துவிடாதீர்கள். ‘ஞாயிறு மட்டும்’ என்று கிழமையை எழுதித் தரச் சொல்லிக் கேளுங்கள். 2.5, 5, 7.5, 10, 15 என்று பல அளவுகளில் இந்த மாத்திரை வருகிறது. போன மாதம் 2.5-ல் நாலு மாத்திரை போட்ட பழக்கத்தில் இந்த மாதம் 10-லும் நாலு போட்டால் என்ன ஆகும்? அதனால் வீட்டில் ஒரே அளவு மாத்திரையை மட்டும் வைத்திருங்கள்.

கேள்வி: கூடவே ஃபோலிக் ஆசிட்டும் எழுதியிருக்கிறாரே, அது எதற்கு?
– வாசகி, கரூர்

பதில்: வாய்ப்புண், குமட்டல், கல்லீரல் தொந்தரவு ஆகியவற்றைக் குறைக்க. பொதுவாக மெத்தோட்ரெக்சேட் போடாத நாளில் எடுக்கச் சொல்வார்கள். இரண்டுமே பல நேரம் சின்ன மஞ்சள் மாத்திரைகள். ஒரே டப்பாவில் போட்டு வைக்காதீர்கள். கண் மங்கிய பெரியவர்கள் இருக்கும் வீட்டில் இது ரொம்ப முக்கியம்.

கேள்வி: ஒரு மாதமாகப் போடுகிறேன். காலையில் விரல்களை மடக்க முடியவில்லை. நிறுத்திவிடலாமா?
– வாசகி, விருதுநகர்

பதில்: இன்னும் கொஞ்சம் பொறுங்கள். இதன் பலன் தெரிய ஆறு முதல் பன்னிரண்டு வாரம் ஆகும். அதுவரை தாக்குப்பிடிக்கத்தான் சிலருக்குச் சின்ன அளவில் ஸ்டீராய்டு தருகிறார்கள். வலி மாத்திரை வலியை மட்டும் ஆற்றும், மூட்டு அரிப்பதைத் தடுக்காது. இந்த இடைவெளியில்தான் பலர் யாரோ கொடுத்த பொடிக்குத் தாவுகிறார்கள். மூன்றே நாளில் வலி பறந்தது என்றால் சந்தேகப்படுங்கள். அப்படிப்பட்ட சில பொடிகளில் ஸ்டீராய்டு கலந்திருந்தது பரிசோதனையில் தெரியவந்திருக்கிறது.

கேள்வி: உடம்பு நன்றாகத்தானே இருக்கிறது? ரத்தப் பரிசோதனைக்கு ஏன் திரும்பத் திரும்பச் செலவு?
– வாசகர், சேலம்

பதில்: கல்லீரல் கெடுவதும் அணுக்கள் குறைவதும் ஆரம்பத்தில் உடம்புக்குத் தெரியாது, ரத்தத்தில்தான் தெரியும். தொடக்கத்தில் சில வாரத்துக்கு ஒருமுறை, பிறகு இரண்டு மூன்று மாதத்துக்கு ஒருமுறை. அந்தச் செலவு கண்ணுக்குப் பெரிதாகத்தான் தெரியும், ஆனாலும் தவறவிடாதீர்கள்.

கேள்வி: வார இறுதியில் கொஞ்சம் குடிக்கலாமா?
– பெயர் வேண்டாம், கோவை

பதில்: இரண்டும் போய் நிற்பது ஒரே கல்லீரலில். விட்டுவிடுங்கள்.

கேள்வி: சிறுநீர்த் தொற்றுக்கு வேறொரு டாக்டரிடம் போனேன். அங்கே மெத்தோட்ரெக்சேட் பற்றிச் சொல்ல வேண்டுமா?
– வாசகி, நாகர்கோவில்

பதில்: நோயைச் சொல்வதற்கு முன்பே இதைச் சொல்லுங்கள். செப்ட்ரான், பாக்ட்ரிம் என்ற பெயர்களில் வரும் கோ-டிரைமாக்சசோல், சிறுநீர்த் தொற்றுக்கு வெகு சாதாரணமாக எழுதப்படுவது. அதுவும் ஃபோலேட்டின் வழியை மறிக்கும் மருந்து. இரண்டும் சேர்ந்தால் மஜ்ஜை படுத்துவிடும். காய்ச்சல், வறட்டு இருமல், மூச்சுத்திணறல், ஆறாத வாய்ப்புண், காரணமில்லாத ரத்தக்கட்டு, இவற்றில் எது வந்தாலும் அந்த வார மாத்திரையைப் போடாமல் அன்றே டாக்டரைப் பாருங்கள். வாந்தி, பேதியில் உடம்பு வற்றிப்போனாலும் அப்படித்தான். மருந்தை வெளியேற்றுவது சிறுநீரகம். அதற்குத் தண்ணீர் இல்லையென்றால் மருந்து உள்ளேயே தங்கும்.

கேள்வி: கல்யாணமாகி ஆறு மாதம். குழந்தை பெற்றுக்கொள்ள ஆசை.
– வாசகி, மதுரை

பதில்: நியாயமான ஆசை, நிறைவேறக்கூடியதும்கூட. ஆனால் இந்த மருந்து கருவைச் சிதைக்கும். நாள் தள்ளிப்போன பிறகு நிறுத்துவது தாமதம். முன்கூட்டியே டாக்டரிடம் பேசி மருந்தை நிறுத்துங்கள். அவர் சொல்லும் கால இடைவெளி முடியும்வரை கருத்தடை முறையைக் கைவிடாதீர்கள். ஹைட்ராக்சிகுளோரோகுயின், சல்ஃபாசலசின் போன்றவை கர்ப்ப காலத்திலும் பயன்படுகின்றன. மாமியார் வீட்டில் கேட்கிறார்கள் என்பதற்காக யாருக்கும் சொல்லாமல் மாத்திரையை நிறுத்தி மூட்டைக் கெடுத்துக்கொள்ளாதீர்கள்.

கேள்வி: மாத்திரை போதவில்லை, அடலிமுமாப் ஊசி போடலாம் என்கிறார்கள். எனக்கு இருமலே இல்லை. காசநோய்ப் பரிசோதனை எதற்கு?
– வாசகர், திருநெல்வேலி

பதில்: நம் நாட்டில் பலருடைய நுரையீரலில் காசநோய்க் கிருமி சத்தமில்லாமல் தூங்குகிறது. அதைப் பூட்டி வைத்திருக்கும் தாழ்ப்பாள்களில் ஒன்று டி.என்.எஃப். என்ற புரதம். மூட்டு வீக்கத்தைத் தூண்டுவதும் அதே புரதம். ஊசி அதை அடக்கும்போது தாழ்ப்பாளும் கழன்றுவிடும். அதனால்தான் முதலில் எக்ஸ்ரேயும் தோல் அல்லது ரத்தப் பரிசோதனையும். கிருமி இருப்பது தெரிந்தால் அதற்கு முதலில் மருந்து, பிறகுதான் ஊசி. ஊசியை ஃபிரிட்ஜில் 2 முதல் 8 டிகிரிக்குள் வையுங்கள். ஃப்ரீசரில் வைக்கவே கூடாது. ஒருமுறை உறைந்துவிட்டால் இளகிய பிறகும் அதைப் போட்டுக்கொள்ளக் கூடாது.

கேள்வி: செவ்வாய், வெள்ளியில் மாத்திரையைத் தொடங்கக் கூடாது என்கிறார் பாட்டி. எந்தக் கிழமை நல்லது?
– பேத்தி, கும்பகோணம்

பதில்: மறக்காத கிழமை நல்ல கிழமை. பாட்டி சொல்கிற கிழமையிலேயே தொடங்குங்கள், அவரே ஞாபகப்படுத்துவார். ஓரிரு நாள் தாமதமானால் போட்டுக்கொள்ளலாம். அதற்கும் மேல் போய்விட்டால் அந்த வாரத்தை விட்டுவிடுங்கள். அடுத்த வாரம் சேர்த்து இரட்டையாகப் போடாதீர்கள். அந்தக் கிழமையை வீட்டில் இன்னொருவருக்கும் சொல்லி வையுங்கள். வேறு எதற்காகவாவது ஆஸ்பத்திரியில் சேர்க்க நேர்ந்தால், டூட்டி நர்ஸிடம் அவர் முதலில் சொல்ல வேண்டியது அதைத்தான்.