மாஸ்கோவைப் பிடித்த பிறகு?

கேள்வி: போர்த் தந்திரங்களைப் படித்தால் தொழிலில் ஜெயிக்க முடியுமா?

பதில்: முடியும், வாள்வீச்சை விட்டுவிட்டுச் சாப்பாட்டு வண்டியைப் படித்தால்! 1812 ஜூனில் நெப்போலியன் லட்சக்கணக்கான வீரர்களோடு நேமன் ஆற்றைக் கடந்து ரஷ்யாவுக்குள் நுழைந்தார். செப்டம்பரில் மாஸ்கோவையே பிடித்தார். பிடித்து? நகரம் எரிந்தது, ரஷ்யப் பேரரசர் ஜார் சமாதானம் பேச வரவில்லை. அக்டோபரில் திரும்பி நடக்க வேண்டியதாயிற்று. பனிதான் அவரைத் தோற்கடித்தது என்பார்கள், நான் ஒப்பமாட்டேன். கோடையிலேயே தீவனமின்றிக் குதிரைகள் செத்தன. பசியிலும் நோயிலும் பாதிப் படை கரைந்துவிட்டது. முன்னேறிய வேகத்துக்கு மாவு வண்டிகள் பின்னால் வரவில்லை.

இதைப் புரிந்துகொண்ட நிறுவனங்கள் உண்டு. 1990-91 வளைகுடாப் போரில் அமெரிக்கப் படைக்கு உணவும் எரிபொருளும் குண்டும் கொண்டு சேர்த்த ஜெனரல் வில்லியம் பகோனிஸை, 1993-ல் சியர்ஸ் என்ற அமெரிக்கச் சில்லறை விற்பனை நிறுவனம் தன் சரக்குப் போக்குவரத்தைக் கவனிக்க அழைத்துக்கொண்டது.

புதுக் கிளை திறக்கப்போகிறீர்களா? ஆறு மாதம் வியாபாரமே நடக்காவிட்டாலும் வாடகைக்கும் சம்பளத்துக்கும் சரக்குக்கும் கையில் பணம் இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால், தயவுசெய்து ரிப்பனை வெட்டாதீர்கள்.