காசியப்ப மகாராசாவின் ரோலர் கோஸ்டர்

குருநாகலிலிருந்து தம்புள்ளைக்குப் போகும் ஏ6 வீதியில், மாத்தளை மாவட்டத்துக் கலேவெல வரும். அங்கே நின்று ‘ரோலர் கோஸ்டரின் பாட்டன் யார்?’ என்று கேட்டால், நான் அமெரிக்காவைக் காட்டமாட்டேன். அதே மாவட்டத்துச் சிகிரியாவைக் காட்டுவேன்.

காசியப்பன்! தகப்பன் தாதுசேனனைக் கொன்றுவிட்டு, தம்பி முகலன் வந்துவிடுவானே என்று சிகிரியாவின் 180 மீட்டர் பாறைமேல் ஏறிக் குந்தியிருந்த மகாராசா. 477இல் தொடங்கிய ஏற்றம், 18 வருசம். இறக்கம்? ஒரே சண்டை. சேற்றைக் கண்ட அவருடைய யானை சும்மா திரும்பியதாம். ‘ராசா ஓடுறார்’ என்று படை முழுக்க ஓடியதாம். சூளவம்சம் சொல்கிறது, நான் இல்லை.

விழுவதற்குக் காசு வாங்கலாம் என்று அமெரிக்காவுக்குக் காட்டியவர் லாமார்கஸ் தொம்சன். பக்திமான். சாராயக்கடையிலும் ‘மற்றக்’ கடையிலும் கெட்டுப்போகும் இளைஞரைக் காப்பாற்ற 1884இல் கோனி ஐலண்டில் ரெயில் விட்டார். டிக்கெட் 5 சதம். வேகம்? மூச்சைப் பிடியுங்கள்: மணிக்குப் பத்துக் கிலோமீட்டர்! நம்ம த்ரீவீலர் ரிவர்ஸிலேயே இதை ஓவர்டேக் பண்ணும். போய்ச் சேர்ந்ததும் சனம் இறங்கிவிட வேண்டும். ஆட்கள் வண்டியை மேட்டில் தள்ளி ஏற்றுவார்கள். இளைஞர் திருந்தினார்களோ இல்லையோ, தொம்சன் பணக்காரரானார்.

1895இல் அதே கோனி ஐலண்டுக்கு, ஆளைத் தலைகீழாகச் சுற்றும் ‘ஃப்ளிப் ஃப்ளாப்’ கோஸ்டர் வந்தது. 25 அடி விட்டத்தில், கவராயத்தால் கீறினமாதிரி சுத்தமான வட்டம். கணக்குக்கு அழகு, கழுத்துக்கு ஆபத்து: நேராக வந்த வண்டி திடீரென்று வளைய, ஏறியவர் எடை பல மடங்காகி, பிடரி சுளுக்கும். புத்தியுள்ளவர்கள் வெளியே நின்று, அடுத்தவன் கழுத்தை வேடிக்கை பார்த்தார்கள்.

அந்தக் கழுத்துக்கு முழு விமோசனம் 1976இல்தான். வெர்னர் ஸ்டெங்கல் என்ற ஜெர்மன்காரர் வட்டத்தைக் கண்ணீர்த்துளி வடிவமாக்கினார். கீழே அகலம், மேலே இறுக்கம். இதற்கா எண்பது வருசம் என்று கேட்காதீர்கள், வட்டத்தின்மேல் மனிதனுக்கு அப்படியொரு மயக்கம்!

அதற்கு முன்பே, இரும்புக்குழாய்த் தண்டவாளம் 1959இல் டிஸ்னிலேண்டில் மேட்டர்ஹோர்ன் என்ற கோஸ்டரோடு வந்தது. மரம் வளைய மறுத்த இடமெல்லாம் குழாய் வளைந்தது. அதனால்தான் இன்று சின்னப் பார்க்கின் மூலையிலும் ஒரு கோஸ்டரைச் சுருட்டி வைக்கலாம். ஏறும்போது ‘டக் டக் டக்’ என்று கேட்குமே? வண்டி பின்னால் உருளாமல் பல்லில் மாட்டும் கொக்கி. உங்களைக் காப்பாற்றவென்றே வைத்ததன் சத்தம். அதைக் கேட்டுத்தான் எல்லாருக்கும் வயிறு கலக்குது!