மூளைக் கட்டியும் மின்புலமும்: வடசேரி வாசகர்கள் கேட்டவை

கே: மூளைப் புற்றுநோய்க்குத் தலையில் கரண்ட் விடுகிறார்களாமே, ஷாக் அடிக்காதா?

ப: அடிக்காது. மழித்த தலையில் பீங்கான் வில்லைகள் பதித்த பட்டைகளை ஒட்டி, நொடிக்கு 2 லட்சம் முறை அலையும் மெல்லிய மின்புலத்தைச் செலுத்துகிறார்கள். அந்த வேகத்துக்கு நரம்பு துடிக்க நேரமே இல்லை. இஸ்ரேலின் யோராம் பால்தி குழு 2004-ல் முதல் சோதனைக்கூட முடிவுகளை வெளியிட்டது. க்ளையோபிளாஸ்டோமா என்ற பொல்லாத கட்டி மறுபடி வந்தவர்களுக்கு 2011-ல் அமெரிக்கா அனுமதி தந்தது.

கே: செல்லுக்குள் அப்படி என்னதான் நடக்கிறது?

ப: செல் இரண்டாகப் பிரியும்போது, ட்யூபுலின் என்ற புரதத் துணுக்குகள் ஒன்றோடொன்று கோத்து வடமாகி, குரோமோசோம்களை இருபக்கமும் இழுக்கின்றன. ட்யூபுலினுக்கு ஒரு முனையில் நேர்மின்சுமை, மறுமுனையில் எதிர்மின்சுமை தூக்கல். வெளியிலிருந்து வரும் புலம் அதைத் தன் திசைக்குத் திருப்பப் பார்க்கிறது, கோப்பு குலைகிறது. செல்லின் இடுப்பு ஒடுங்கும் கடைசிக் கட்டத்தில், அந்த ஒடுக்கத்தில் புலம் குவிந்து மூலக்கூறுகளை அங்கே இழுக்கிறது. செல் சாகிறது, அல்லது குரோமோசோம் கணக்குத் தப்பிப் பிறக்கிறது. இவ்வளவு மெல்லிய புலம் ட்யூபுலினை நிஜமாகவே திருப்புமா என்று இயற்பியலாளர்கள் இன்னும் வாதாடுகிறார்கள். எனக்கு அதைவிடப் பெரிதாகப் படுவது 2022-ல் வந்த ஃப்ளோரிடா ஆய்வு: சிதறிய டிஎன்ஏ துணுக்குகளை சிகாஸ் என்ற புரதம் மோப்பம் பிடித்து, ஸ்டிங் என்ற இன்னொரு புரதம் வழியாக நோய் எதிர்ப்பு அணுக்களை உசுப்பிவிடுகிறது.

கே: நல்ல செல்லும் சேர்ந்து சாகாதா?

ப: முதிர்ந்த நரம்பணுக்கள் பிரிவதில்லை, அதனால் பெரும்பாலும் தப்பிவிடும். தொல்லை தலைத்தோலுக்குத்தான்: சிவப்பு, அரிப்பு, புண்.

கே: எத்தனை நாள் கூடுதலாகக் கிடைக்கும்?

ப: 2017-ல் வெளியான 695 பேர் ஆய்வில், டெமோசோலோமைடு மாத்திரை மட்டும் எடுத்தவர்களின் இடைநிலை ஆயுள் 16 மாதம், கருவியும் சேர்ந்தபோது 20.9. ஐந்தாண்டு தாண்டியவர்கள் 5 சதவீதத்திலிருந்து 13 ஆனார்கள். தினமும் 18 மணி நேரமாவது மாட்டியிருக்க வேண்டும், பேட்டரிப் பையும் கூடவே. விலையோ, அமெரிக்காவில் மாதம் 21,000 டாலர்.

கே: மைனிக்கு இதே கட்டி. காந்த பெல்ட் கட்டினாலும் இதே பலன் என்கிறார்கள். மாத்திரையை நிறுத்தலாமா?

ப: நிறுத்தவே கூடாது, தாயி. காந்த பெல்ட்டுக்கும் இந்த மின்புலத்துக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. அந்தக் காசை வழிச்செலவுக்கு வையுங்கள். அறுவை, கதிர்வீச்சு, மாத்திரை இவைதான் முதலில். வடசேரியில் பஸ் ஏறினால் திருவனந்தபுரத்தில் ஆர்.சி.சி. புற்றுநோய் மையமும் ஸ்ரீசித்திரா மருத்துவமனையும் இருக்கின்றன. எம்.ஜி.எம்.டி. சோதனை செய்தாயிற்றா என்று அங்கே கேளுங்கள். மாத்திரை மைனிக்கு எவ்வளவு கைகொடுக்கும் என்பதை ஓரளவு முன்கூட்டியே காட்டும் சோதனை அது.